கடலை கேட்டாள், கடலை கொடுத்தேன்

என் வீட்டுக்காரியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது இதே இடத்தில்தான். நீங்கள் இப்போது கை வைத்திருக்கிறீர்களே, அந்தப் பலகைக்கு உள்பக்கம் நின்றாள். நான் சங்கரன்கோவிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சரக்கு எடுக்க வேண்டும், கூடவே இந்தத் தகர டின்களை ஒழித்துவிட்டுப் பிளாஸ்டிக் டப்பாக்கள் வாங்கிப் போட வேண்டும் என்று நினைத்திருந்தேன். "எல்லாத்தையும் மாத்துங்க. அந்தப் பொரிகடலை டின்ன மட்டும் தொடக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. எரிச்சல். பஸ் சத்தமும் கேட்டுவிட்டது. பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன். மத்தியானம் டப்பாக் கடையில் நிற்கும்போது போன் வந்தது.

இதை எதற்கு உங்களிடம் சொல்கிறேன் என்றால், நீங்கள் விசாரிக்க வந்திருக்கிற பெண்ணின் விஷயம் அந்த டின்னில்தான் இருக்கிறது. உட்காருங்கள். மூட்டை மேலேயே உட்காரலாம், அரிசிதான். நீங்கள் மாப்பிள்ளைக்குச் சித்தப்பாவா? நல்லது. பெண்ணைப் பற்றிக் கடைக்காரனிடம் கேட்டால் தெரியும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சரிதான். நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். தங்கமான பெண், குனிந்த தலை நிமிராது என்று. வருகிறவர்களுக்கு அதுதான் வேண்டியிருக்கிறது. முப்பிடாதி விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. அவள் நிமிர்ந்து பார்ப்பாள். சின்னப் பிள்ளையிலேயே பார்ப்பாள்.

அவளால் நான் பட்ட அவமானம் உங்களுக்குத் தெரிய வேண்டும். அவளால் என்றுகூடச் சொல்ல மாட்டேன். அந்த டீச்சரால்.

எதிர்த்த வீடுதான் முப்பிடாதி வீடு. அப்பன் கொம்பையா, இப்போதும் மாடு வைத்திருக்கிறான். அம்மா அவளுக்கு ஏழு வயது இருக்கும்போதே போய்விட்டாள். ஆடி மாதம், மஞ்சள் காமாலை. எரித்த மறுநாள் காடாற்றுக்கு நவதானியம் என் கடையிலிருந்துதான் போனது. சாம்பலில் பால் தெளித்து விதைப்போமே, அதற்கு. என் வீட்டுக்காரி வடிவு இங்கே உட்கார்ந்து பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளை வந்து நின்றது.

"இது எதுக்கு மாமா?"

"ஒங்கம்மை இருக்க எடத்துல வெதைக்கதுக்கு" என்றேன்.

பிள்ளை கேட்டது, சொன்னேன். உள்ளதைத்தானே சொன்னேன்? வடிவு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இன்றுவரை எனக்கு அர்த்தம் தெரியாது.

இது ஆடியில். ஐப்பசியில்தான் டீச்சர் வந்தார்கள். மங்கையர்க்கரசி டீச்சர். செஞ்சிப் பக்கம். நம்மூர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. அதற்கு முன்னால் இருந்தவர் படத்தைக் காட்டி, விதை, செடி, பூ, காய் என்று சொல்லி முடித்துவிடுவார். பிள்ளைகளும் சத்தம் போட்டுச் சொல்லும். யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. இவர்கள் வந்ததும் ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டை கொண்டு வா, மண் கொண்டு வா, நாளைக்கு வரும்போது கடலை கொண்டு வா என்று ஆரம்பித்தார்கள்.

கடலை. அங்கேதான் வினையே.

நீங்கள் ராஜபாளையம். உங்களுக்குத் தெரியும். நமக்குக் கடலை என்றால் காட்டில் விளைகிற நிலக்கடலை. பைசாவோடு கடைக்கு வந்து ஒரு பிள்ளை கடலை என்றால் அது பொரிகடலை, சில ஊரில் பொட்டுக்கடலை என்பார்கள். சுண்டலுக்கு வேண்டுமானால் கொண்டைக்கடலை என்று முழுப்பெயர் சொல்லிக் கேட்பார்கள். டீச்சர் ஊரில் அப்படியில்லையாம். நிலக்கடலைக்கு அங்கே மல்லாட்டை என்று பெயராம். கடலை என்று சொன்னாலே அவர்களுக்குக் கொண்டைக்கடலைதான். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. முன்னால் எப்படித் தெரியும்?

மறுநாள் பிள்ளைகள் எல்லாம் வீட்டுத் தானியக் குலுக்கையிலிருந்து நிலக்கடலையை அள்ளிக்கொண்டு போயிருக்கின்றன. "அய்யய்யோ, இது மல்லாட்டையாச்சே!" என்றார்களாம் டீச்சர். அவ்வளவுதான். ஒரு வாரம் தெருவில் அதே பேச்சு. போகிற வருகிறவனையெல்லாம் "ஏ மல்லாட்டை!" என்று கூப்பிட்டன. சரி, அதுவும் முளைக்கிற சாதிதானே என்று டீச்சர் அதையே சிரட்டையில் ஊன்றச் சொல்லிவிட்டார்கள்.

முப்பிடாதி வீட்டில் காடு கழனி கிடையாது. அவள் என்னிடம் வந்தாள்.

"மாமா, கடலை."

நான் பொரிகடலை கொடுத்தேன். கடலை கேட்டாள், கடலை கொடுத்தேன். எதற்கு என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கடைக்கு வருகிறவர்களிடம் எதற்கு, எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தால் யாவாரம் நடக்குமா? நீங்களே சொல்லுங்கள். இதில் என் தப்பு என்ன?

அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு போய் ஊன்றியிருக்கிறாள். மற்ற சிரட்டை எல்லாம் மண்ணைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கிறது. இவள் சிரட்டை சும்மா கிடக்கிறது. சனி, ஞாயிறுகூடப் போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவாள். பூட்டின கேட்டில் ஏறிக் குதித்துப் போவாள். நானே பார்த்திருக்கிறேன். சத்தம் போட்டிருக்கிறேன்.

கடைசியில் டீச்சர் விரலை விட்டுத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். கூழாகக் கிடந்திருக்கிறது. பாடம் நடத்த வாய்ப்புக் கிடைத்தால் விடுவார்களா? எல்லாப் பிள்ளையையும் கூப்பிட்டு உள்ளங்கையில் வைத்துக் காட்டி, "இது வறுத்தது. விதைக்குள்ள உசுரு இருக்கும். தீயில வாட்டினா அந்த உசுரு போயிடும். தீயில வெந்தது முளைக்காது" என்று சொல்லியிருக்கிறார்கள். பிறகு, "எங்க வாங்கின?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"அண்ணாச்சி கடையில."

போதாதா? சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு ஒரு படையே என் கடை வழியாகப் போகிறது. "அண்ணாச்சி கடைக் கடலை, செத்துப்போன கடலை!" ராகம் போட்டுப் பாடுகின்றன. கடையில் ஆள் நிற்கிறது. ஒரு அம்மா துவரம்பருப்பைக் கையில் எடுத்து மோந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போகிறாள். அப்பன் காலத்திலிருந்து நடத்துகிற கடை. என் வயிறு எப்படி எரிந்திருக்கும்?

அந்த நேரம் பார்த்துத்தான் இவள் வந்தாள். காலிச் சிரட்டையை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"மாமா, தீயில சுட்டது மொளைக்கவே மொளைக்காதா?"

"ஒங்க டீச்சரிட்டயே போய்க் கேளுட்டி!" என்றேன்.

வேறு என்ன சொல்வேன்? நான் இருந்த கோபத்துக்கு அதுவே பெரிது. உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த வடிவு சொளகைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். பிள்ளையை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அப்புறம் வடிவு சொன்னது காதில் விழுந்தது. "மொளைக்கும் தாயி. சிலது மெல்லத்தான் மொளைக்கும். இந்தச் சிரட்டை இங்கயே இருக்கட்டும். அத்தை தண்ணி ஊத்துதேன்."

எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அதைச் சொல்லிவிடுகிறேன், யாராவது சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன்னால்.

நாலைந்து நாளில் அது முளைத்துவிட்டது. இந்தப் பிள்ளை தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிறது. "சுட்டதும் மொளைச்சிருச்சு! சுட்டதும் மொளைச்சிருச்சு!" கொம்பையா வீட்டில் ஆடிக்கப்புறம் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் அன்றைக்குத்தான் கேட்டது. எனக்கும் சந்தோஷம். ஏன் இருக்காது? பொரிகடலையில் ஏதோ ஒன்று சரியாக வறுபடாமல் கலந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எப்படியோ, என் கடைச் சரக்கு முளைத்துவிட்டது. சிரட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வடிவு பின்னாலேயே, "ஏங்க, வேண்டாங்க, அதை அங்க கொண்டு போகாதீங்க" என்று தெருமுனை வரைக்கும் வந்தாள். பொம்பளைக்கு எதற்கெடுத்தாலும் பயம். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பிள்ளைகள் எல்லாம் இருந்தன. முப்பிடாதி முன்வரிசையில்.

"டீச்சர், செத்த சரக்குன்னு சொன்னீங்களாமே. இந்தா பாருங்க!" என்று மேசை மேல் வைத்தேன்.

டீச்சர் பார்த்தார்கள். கோபப்படவில்லை. மெதுவாக மண்ணை ஒதுக்கி முளையை எடுத்தார்கள். அடியில் பழுப்பாகத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பொரிகடலைக்கு ஏதுங்க அண்ணாச்சி தோலு? இது பச்சைக் கொண்டைக்கடலை. யாரோ மாத்தி வச்சிருக்காங்க" என்றார்கள்.

பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நான் பலசரக்குக் கடைக்காரன். பொரிகடலைக்குத் தோல் கிடையாது என்று எனக்கா தெரியாது? கோபத்தில் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் அல்லவா? அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டுமா? ஒரு பெரிய மனுஷனுக்கு மரியாதை அவ்வளவுதானா?

முப்பிடாதி மட்டும் சிரிக்கவில்லை. அந்த முளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அவளைப் பார்த்தார்கள். அவர்கள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் ஒரு பயல் எழுந்து, "டீச்சர், அவங்கம்மையச் சுட்டாச்சு, காட்டுல நவதானியம் வெதைச்சாங்க" என்றான். நான் வந்துவிட்டேன். அதற்கு மேல் அங்கே எனக்கு என்ன வேலை?

வீட்டுக்கு வந்து வடிவை ஒரு பிடி பிடித்தேன். "நீதானே மாத்தி வச்ச? என்னைய ஊர் சிரிக்க வச்சிட்டியே!" அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அந்தப் பிள்ளை எங்க இருக்கு?" என்று கேட்டாள். நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள். என் பேச்சுக்கு இந்த வீட்டில் இருந்த மதிப்பு அது.

சாயங்காலம் டீச்சரே வந்தார்கள். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார்கள் என்று நான் எழுந்து நின்றேன். "உங்க கடையக் குறையாச் சொல்லலைங்க அண்ணாச்சி" என்று ஒரே வரி. அதோடு சரி. நேரே வடிவிடம் போய்விட்டார்கள். இரண்டு பேரும் அந்த உப்பு மூட்டைப் பக்கம் நின்று பேசினார்கள்.

"எனக்குத் தெரியாதுங்கக்கா. தெரிஞ்சிருந்தா அந்த வார்த்தையச் சொல்லியிருக்க மாட்டேன்."

"சொல்லியாச்சுல்லா. இனி என்ன செய்யப்போறீங்க? அது சோறு திங்க மாட்டேங்கு."

"உள்ளதச் சொல்லணும்க்கா. நீங்க மாத்தி வச்சது தப்பு."

"ஏழு வயசுப் பிள்ளைக்கு என்னத்துக்கு டீச்சர் உள்ளது? வளந்தா தன்னால தெரிஞ்சிட்டுப் போகுது."

"தெரியாதுங்க. அது காத்துக்கிட்டே கெடக்கும். எத்தினி நாளைக்கு நீங்க பின்னாடியே போயி மாத்தி மாத்தி வப்பீங்க?"

நான் குறுக்கே, "இந்தக் கடலை விஷயத்த முதல்ல தீருங்க" என்றேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

அப்போது மூட்டைக்குப் பின்னாலிருந்து இவள் எழுந்து வருகிறாள். எப்போது வந்து உட்கார்ந்தாளோ, தெரியாது. என்னிடம் வந்து கையை நீட்டினாள்.

"மாமா, பச்சைக் கடலை ஒண்ணு. சுட்ட கடலை ஒண்ணு."

"எதுக்குட்டி?" என்றேன். அன்றைக்குக் கேட்டேன், பாருங்கள்.

"ரெண்டையும் ஒரே மண்ணுல வைக்கப் போறேன். யாரும் தொடக் கூடாது. டீச்சரும் தொடக் கூடாது. அத்தையும் தொடக் கூடாது."

அத்தையும் தொடக் கூடாது என்று சொல்லும்போது வடிவை நிமிர்ந்து பார்த்தாள். அதைத்தான் முதலில் சொன்னேன், அவள் நிமிர்ந்து பார்ப்பாள் என்று. வடிவு அன்றைக்கு அடுப்புப் பற்ற வைக்கவில்லை. நான் பொரிகடலையும் வெல்லமும் தின்றுவிட்டுப் படுத்தேன்.

ஓட்டை எண்ணெய் டின் ஒன்றில் மண் போட்டு, இரண்டையும் ஊன்றி, நடுவில் ஈர்க்குச்சி குத்தி, என் கடை வாசல் படியில் வைத்தாள். வேறு இடமே கிடைக்கவில்லை பாருங்கள். பள்ளிக்கூடம் போகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து காவல். வடிவு வாசல் தெளிக்கும்போதுகூட அந்தப் பக்கம் போக மாட்டாள்.

ஒன்று முளைத்தது. ஒன்று முளைக்கவில்லை. இது எனக்கு முதலிலேயே தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவள் மட்டும் ஈர்க்குச்சிக்கு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் தானே தோண்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு மூடினாள். அழவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோறு கேட்டுத் தின்றாளாம். கொம்பையா வந்து சொன்னான்.

அதோடு முடிந்ததா? இல்லையே! டீச்சர் மொத்த வகுப்பையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு என் கடை வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். சாயங்கால யாவார நேரம். இலை விட்டது என்று ஒருநாள். அந்த இலையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார், புளிக்கும் என்று ஒருநாள். கத்திரிப்பூ நிறத்தில் ஒரு சின்னப் பூ, அதைப் பார்க்க ஒருநாள். அந்தப் பூ விழுந்த இடத்தில் காய் பிடித்திருக்கிறது என்று ஒருநாள். எண்ணெய் வாங்க வருகிறவர்கள் பிள்ளைகளைத் தாண்டிக்கொண்டு வர வேண்டும். "டீச்சர், இது கடை" என்றேன். "தெரியுதுங்க அண்ணாச்சி" என்றார்கள். அவ்வளவுதான் பதில். வடிவு எல்லாருக்கும் முறுக்கு எடுத்துக் கொடுப்பாள். என் முறுக்கு.

தை கடைசியில் செடி காய்ந்தது. "டீச்சர், செத்துப் போச்சா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. மழுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

"ஆமா. செத்துப் போச்சு. அதுக்கு அவ்வளவுதான் வயசு" என்றார்கள்.

முப்பிடாதி காயை உரித்தாள். உள்ளே கடலை. கையில் வைத்துப் பார்த்தாள்.

"இது அது இல்லல்லா டீச்சர்? இது வேறதான?"

"வேறதான்டா. அதோட புள்ள."

தலையை ஆட்டினாள். டக்கென்று வாயில் போட்டுக் கடித்துத் தின்றுவிட்டாள்! அத்தனை நாள் காவல் காத்து, என் வாசலை அடைத்து, என் யாவாரத்தைக் கெடுத்து, கடைசியில் தின்றுவிட்டாள். "நல்லாருக்கு" என்று வேறு சொன்னாள். டீச்சருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். வடிவும் துடைத்தாள். இதில் கண்ணைத் துடைக்க என்ன இருக்கிறது? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பையா மாட்டுக் கொம்புக்குப் பூசிய நீலப் பெயிண்ட் மிச்சம் இருந்தது. அதை முப்பிடாதி எடுத்துக்கொண்டு வந்து, நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், என் டின்களில் எழுதிவிட்டாள். கொண்டைக்கடலை டின்னில் 'மொளைக்கும்'. பொரிகடலை டின்னில் 'மொளைக்காது'. எழுத்துப் பிழை வேறு. இத்தனை பாடம் நடத்திய டீச்சர் முளைக்கும் என்று எழுதக் கற்றுக்கொடுக்கவில்லை. "என்னட்டி இது?" என்று கத்தினேன். "இனிமே யாராச்சும் பிள்ளை கடலை கேட்டா நீங்க பாத்துக் குடுக்கணும் மாமா" என்கிறாள். எனக்குச் சொல்கிறாள்! கடையில், பொருள் வைக்கிற டின்னில், முளைக்காது என்று எழுதலாமா? விளங்குமா? மண்ணெண்ணெய் போட்டு அழிக்கப் போனேன். வடிவு துணியைப் பிடுங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் அந்த டின் விஷயமாக எங்களுக்குள் எத்தனையோ சண்டை. கடைசிச் சண்டையும் அதுதான். சண்டைகூட இல்லை. அவள் சொன்னாள், நான் பதில் சொல்லவில்லை.

டீச்சர் அடுத்த வருஷமே மாற்றலாகிப் போய்விட்டார்கள். இவள் படித்து நர்ஸாகித் தென்காசியில் இருக்கிறாள். அது உங்களுக்கே தெரியும்.

வடிவின் காரியத்துக்கு வந்தாள். பொம்பளைகள் சுடுகாட்டுக்குப் போவதில்லையே. ஆனால் காடாற்றுக்கு நவதானியம் நானே கட்டுகிறேன் என்று கடையைத் திறக்கச் சொன்னாள். டின் டின்னாக மூடியைத் திறந்து, கையில் கொட்டி, ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பொட்டலம் கட்டினாள். சொத்தை எல்லாம் தனியாக ஒதுக்கினாள். யாருக்கு இதெல்லாம் தெரியப்போகிறது என்றேன். பொறுக்கிக்கொண்டே இருந்தாள். அப்புறம் தென்காசிக்குப் போய் ஒருநாள் போன் பண்ணினாள்.

"மாமா, மொளைச்சிருக்கா, போய்ப் பாத்தீங்களா?"

"எனக்கு வேற சோலி இல்லயா?" என்று வைத்துவிட்டேன்.

மழை பெய்த மறுநாள் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். முளைத்திருந்தது. மொச்சை, பயறு, கடலை எல்லாம். பாதியை ஆடு கடித்துவிட்டது. அவளிடம் சொல்லவில்லை. அப்புறம் அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்வேன்.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். கோபம் வருமா என்றால் வரும். அடங்கி இருப்பாளா என்றால் எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் உங்கள் வீட்டில் சொல்லிவிடுங்கள். அவளிடம் எதையும் மாற்றி வைக்க முடியாது.

வீட்டுக்குக் கொஞ்சம் பொரிகடலை கொண்டு போகிறீர்களா? இருங்கள், எடுக்கிறேன். மற்ற டின் எல்லாம் போய்விட்டது. பாருங்கள், எல்லாம் பிளாஸ்டிக். கொண்டைக்கடலை டின் அடி துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. இது ஒன்றுதான். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறீர்களா? படிக்க முடியாது. தினமும் எடுத்து எடுத்து, கை படுகிற பக்கம் பெயிண்ட் போய்விட்டது. 'மொளைக்' என்பது மட்டும் இருக்கிறது.